அமுக்கமும் அதன் அலகுகளும்

நாள்தோறும் நாம் பயன்படுத்திக்கொண்டிருந்தும் அதிகம் எண்ணிப் பாராத அளவு ஒன்று உண்டு. அதுவே அமுக்கம். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போதும், மருத்துவர் கையிற் பட்டி கட்டி இரத்த அமுக்கம் பார்க்கும்போதும், தோட்டத்துக்குப் பம்பியால் நீர் இறைக்கும்போதும், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் தோன்றியுள்ளது என்று வானொலியிற் கேட்கும்போதும் நாம் ஒரே பொருளைப் பற்றியே பேசுகின்றோம். ஆயினும் ஒவ்வோரிடத்திலும் ஒவ்வோர் அலகு வழங்குகின்றது. ரயரிலே சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்கின்றோம். மருத்துவமனையில் இரசத்தின் மில்லிமீற்றர் என்கின்றனர். பம்பியின் மேல் மீற்றர் என்று எழுதியிருக்கின்றது. வானிலை அறிக்கையில் மில்லிபார் அல்லது எக்டோபாஸ்கல் வருகின்றது. இவற்றுட் பழைய ஆங்கில அலகுகளை இக்காலப் பொறியியல் அலகுகளாக மாற்றும் வகையையும், அப்படி மாற்றும்போது கருத்தில் வைக்க வேண்டிய சிலவற்றையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

கலைத்துறையிற் பட்டம் பெற்ற ஓர் அதிபர் பொறியியலாளரின் பொருளை ஏன் எடுத்துக்கொண்டார் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் குறிஞ்சிப்பிட்டி, கடலுக்கும் புத்தளக் களப்புக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் இருப்பது. இங்கே பாடசாலையை விட்டுச் செல்லும் பிள்ளைகளுட் சிலர் சங்குக்கும் கடலட்டைக்கும் கடலில் மூழ்கச் செல்கின்றனர். சிலர் மணற்றரையில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டுத் தூவல் முறையில் நீர் பாய்ச்சுகின்றனர். சிலர் 2011ஆம் ஆண்டிலிருந்து மின்சாரம் தரும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் வேலை தேடுகின்றனர். இம்மூவரின் கையிலும் என்றாவது ஒரு நாள் அமுக்கமானி ஒன்று வந்து சேரும். அதன் முகத்தில் உள்ள முள் ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண் எதன் எண் என்று அறியாதவனுக்கு அது பயன்படாது. கடலடியிலோ அது அவன் உயிருக்கே கேடாக முடியலாம்.

முதலில் அமுக்கம் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு பரப்பின் மீது விசை ஒன்று தாக்கும்போது, அந்த விசையைப் பரப்பினால் வகுக்க வருவதே அமுக்கம். மணற்பாதையில் ஒடுங்கிய சில்லுள்ள வண்டி புதைகின்றது. அதே சுமையை ஏற்றிய அகன்ற சில்லுள்ள வண்டி புதையாமற் செல்கின்றது. சுமை ஒன்றேயாயினும் அதைத் தாங்கும் பரப்பு வேறு. ஆகவே அமுக்கத்துக்கு அலகு சொல்ல வேண்டுமாயின் விசைக்கு ஒன்றும் பரப்புக்கு ஒன்றுமாக இரண்டு அலகுகள் தேவை. ஆங்கிலேயர் விசைக்கு இறாத்தலையும் பரப்புக்குச் சதுர அங்குலத்தையும் எடுத்துக்கொண்டனர். நீராவி இயந்திரங்கள் பெருகிய காலத்தில் கொதிகலன்களின் மானிகள் எல்லாம் இந்தக் கணக்கிலேயே எழுதப்பட்டன. 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவரை முதற் புகைவண்டி ஓடியது. அந்த நாள் முதல் இந்நாட்டின் இயந்திரசாலைகளிலும் அக்கணக்கே நெடுங்காலம் நிலவியது.

காற்றின் அமுக்கத்தை அளக்க வேறொரு வழி கிடைத்தது. 1643ஆம் ஆண்டளவில் இத்தாலியரான தொரிசெல்லி, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் இரசத்தை நிரப்பி, அதை இரசக் கிண்ணத்திலே தலைகீழாக நிறுத்தினார். இரசம் முழுவதும் கீழே வடிந்துவிடாமல் ஏறக்குறைய 30 அங்குல உயரத்தில் நின்றது. வெளியே உள்ள காற்றின் அமுக்கமே அதைத் தாங்கி நின்றது. 1648ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டுப் பிளேஸ் பாஸ்கல், தம் மைத்துனரைக் கொண்டு பியூ த டோம் என்னும் மலைமீது இச்சோதனையைச் செய்வித்தார். மலையுச்சியில் இரசத்தின் உயரம் குறைந்தது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அமுக்கம் குறையும் என்பது அதனால் உறுதியாயிற்று. அவர் பெயரே 1971ஆம் ஆண்டு நடந்த பதினான்காவது அனைத்துலக நிறை அளவை மாநாட்டில் அமுக்கத்தின் அலகுக்குச் சூட்டப்பட்டது. ஒரு சதுர மீற்றர் பரப்பின் மேல் ஒரு நியூற்றன் விசை தாக்கினால் அந்த அமுக்கம் ஒரு பாஸ்கல் ஆகும்.

பாஸ்கல் மிகச் சிறிய அலகு. ஆகையால் ஆயிரம் பாஸ்கலைக் கிலோபாஸ்கல் என்றும், பத்து இலட்சம் பாஸ்கலை மெகாபாஸ்கல் என்றும் சேர்த்து வழங்குகின்றோம். ஓர் இலட்சம் பாஸ்கல் ஒரு பார். நூறு பாஸ்கல் ஓர் எக்டோபாஸ்கல். அதுவே மில்லிபாரும் ஆகும். வானிலை அறிக்கையில் மில்லிபார் என்றாலும் எக்டோபாஸ்கல் என்றாலும் எண் மாறுவதில்லை.

இனி மாற்றும் வகையைப் பார்ப்போம். தாளும் பென்சிலும் வைத்திருப்போர் குறித்துக்கொள்ளலாம். ஓர் இறாத்தலின் திணிவு 0.45359237 கிலோகிராம், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். இவை இரண்டும் 1959ஆம் ஆண்டில் ஆங்கிலம் பேசும் நாடுகள் தம்முள் உடன்பட்டு நிலைநிறுத்திய அளவுகள். இறாத்தலின் திணிவைப் புவியீர்ப்பு ஆர்முடுகலின் நியம அளவாகிய 9.80665ஆற் பெருக்கினால் ஓர் இறாத்தல் விசை கிடைக்கும்; அது 4.448 நியூற்றன். ஒரு சதுர அங்குலம் 0.00064516 சதுர மீற்றர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 6,895 வரும். ஆகவே சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் என்பது 6,895 பாஸ்கல், அதாவது ஏறக்குறைய 6.9 கிலோபாஸ்கல். திருப்பிச் சொன்னால் ஒரு பாருக்கு 14.5 இறாத்தல். மனத்தில் வைத்துக்கொள்ள இந்த 14.5 ஒன்றே போதும். இறாத்தற் கணக்கை 14.5ஆல் வகுத்தால் பார் வரும், பாரை 14.5ஆற் பெருக்கினால் இறாத்தற் கணக்கு வரும். 29 இறாத்தல் உள்ள ரயரில் 2 பார் இருக்கின்றது. 1,000 இறாத்தல் நீராவி 69 பார், அல்லது 6.9 மெகாபாஸ்கல்.

வேறு சிலவும் உண்டு. ஓர் அங்குல இரசம் 33.86 எக்டோபாஸ்கல். கடல்மட்டத்தில் நியமமாகக் கொள்ளப்படும் 29.92 அங்குலம் 1013.25 எக்டோபாஸ்கல் ஆகும். 1979ஆம் ஆண்டு பசிபிக் சமுத்திரத்தில் எழுந்த டிப் என்னும் சூறாவளியின் நடுவில் 870 எக்டோபாஸ்கல் பதிவாயிற்று. பழைய பாரமானியில் அது 25.7 அங்குலத்துக்குச் சமம். தோட்டக்காரருக்கு வேண்டியது நீரின் கணக்கு. பத்து மீற்றர் உயர நீர் ஏறக்குறைய ஒரு பார். பம்பியின் மேல் முப்பது மீற்றர் என்று எழுதியிருந்தால் அது மூன்று பாருக்குச் சிறிது குறைவு. இறாத்தற் கணக்கில் 43. நீர்க்குழாய் தாங்கும் அமுக்கத்தை அறிந்த பின்னரே அதைப் பம்பியோடு பொருத்துதல் வேண்டும்.

இவ்வளவும் வெறும் பெருக்கலும் வகுத்தலுமே. இவற்றை ஒரு சிறு கணக்குப்பொறி நொடியிற் செய்துவிடும். பெருக்குவதற்கு முன்னே தீர்மானிக்க வேண்டிய மூன்று உள. அவற்றைக் கணக்குப்பொறி நமக்காகத் தீர்மானிப்பதில்லை.

முதலாவது, பெயரொற்றுமையும் அளவொற்றுமையும் தரும் மயக்கம். ஒரு பார் 14.50 இறாத்தல், ஒரு நியம வளிமண்டலம் 14.70 இறாத்தல், சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோகிராம் விசை 14.22 இறாத்தல். மூன்றும் அண்ணன் தம்பி போல முகச்சாயல் உடையவை. சில மானிகளில் கிலோகிராம் விசை இன்றும் எழுதப்பட்டிருக்கின்றது. வயலில் நீர் இறைப்போருக்கு இந்த வேறுபாடு பெரிதன்று. நுண்மையான வேலையில் நூற்றுக்கு மூன்று பங்கு பெரிதேயாகும். இதனினும் பெரிய மயக்கம் தொன் என்னும் சொல்லில் இருக்கின்றது. பிரித்தானியத் தொன் 2,240 இறாத்தல். அமெரிக்கத் தொன் 2,000 இறாத்தல். பழைய பிரித்தானிய நியமத்தில் பாலங்களுக்குரிய மெல்லுருக்கின் வலிமை சதுர அங்குலத்துக்கு 28 முதல் 33 தொன் வரை என்று குறிக்கப்பட்டிருந்தது. அது 432 முதல் 510 மெகாபாஸ்கல் வரை ஆகும். அமெரிக்கத் தொன் என்று எண்ணி மாற்றினால் 386 முதல் 455 வரை என்று வரும். பழைய பாலம் ஒன்று இன்னும் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்கிடும் பொறியியலாளர், தம் கையிலுள்ள ஏடு எந்த நாட்டுத் தொன்னைச் சொல்கின்றது என்று முதலிற் கேட்பார்.

இரண்டாவது, எதிலிருந்து அளந்தது என்னும் வினா. காற்றிறங்கிய ரயரில் மானி பூச்சியம் காட்டும். ஆனால் அதனுள் காற்று இல்லாமலில்லை. வெளியே உள்ள அளவு காற்றமுக்கம் உள்ளேயும் இருக்கின்றது. மானி காட்டுவது வெளிக்காற்றின் அமுக்கத்துக்கு மேற்பட்டதையே. அதை மானியமுக்கம் என்பர். வெறுமையிலிருந்து அளப்பதைத் தனியமுக்கம் என்பர். இரண்டுக்கும் இடையில் ஒரு வளிமண்டலம், அதாவது 14.7 இறாத்தல் அல்லது 1.013 பார், வேறுபாடு உண்டு. வாயுவின் கனவளவு அமுக்கத்தோடு எவ்வாறு மாறும் என்று கணக்கிடுவோர் தனியமுக்கத்தையே எடுத்தல் வேண்டும். ஆகவே மாற்றுவோர் அலகின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடாமல், மானியமுக்கமா தனியமுக்கமா என்பதையும் எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, இல்லாத நுண்மையைக் காட்டுதல். 30 இறாத்தலை மாற்றினாற் கணக்குப்பொறி 206.84271 கிலோபாஸ்கல் என்று காட்டும். காற்றடித்தவர் முள்ளைப் பார்த்து ஏறக்குறைய முப்பது என்றே சொன்னார். அவர் சொல்லாத நுண்மையைக் கணக்கு எங்கிருந்து கொண்டுவந்தது? 207 என்று எழுதினாற் போதும். 210 என்றாலும் தவறில்லை. மூலத்தில் எவ்வளவு நம்பிக்கை இருந்ததோ அவ்வளவே முடிவிலும் இருத்தல் வேண்டும்.

இப்பொழுது கடலுக்குச் செல்வோம். எங்கள் கரையில் ஆழத்தைப் பாகத்தால் அளப்பர். ஒரு பாகம் ஆறு அடி. கடல்நீரில் 33 அடிக்கு, அதாவது ஐந்தரைப் பாகத்துக்கு, ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. பதினொரு பாக ஆழத்தில் நீரின் அமுக்கம் இரண்டு, மேலேயுள்ள காற்றின் அமுக்கம் ஒன்று, ஆக மூன்று வளிமண்டலம். அங்கே மூழ்கி நிற்பவர் ஒவ்வொரு மூச்சிலும் மேலே இழுப்பதைப் போல மூன்று மடங்கு காற்றைச் செலவழிக்கின்றார். முத்துக்குளித்த காலத்துச் சலாபக்காரர் கல்லைப் பற்றி இறங்கி மூச்சடக்கிய அளவில் மேலே வந்தனர். இன்று மூழ்குவோர் முதுகிற் சுமக்கும் காற்றுச் சிலிண்டரையும் அதன் மானியையும் நம்பி இறங்குகின்றனர்.

அச்சிலிண்டர்களின் தோளில் அவை தாங்கும் அமுக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் 3000 என்றிருக்கும். அது சதுர அங்குலத்துக்கு இறாத்தல். சிலவற்றில் 200 என்றிருக்கும், அது பார். ஒரே சிலிண்டரில் 3000 என்றும் 207 என்றும் இரண்டும் பொறிக்கப்படுவதுண்டு. அவை இரண்டும் ஒரே அமுக்கமே. மானிகளும் இவ்வாறே இருவகைப்படும். மெகாபாஸ்கல் காட்டும் மானியில் இதே அமுக்கம் 20.7 என்று நிற்கும்.

மூழ்குவோரிடையே ஐம்பது வந்தால் மேலே வா என்னும் விதி வழங்குகின்றது. அந்த ஐம்பது பார். இறாத்தற் கணக்கில் அது 725. இனி, இந்த விதியைக் காதாற் கேட்டு மனத்தில் வைத்த இளைஞன் ஒருவன், இறாத்தற் கணக்குக் காட்டும் மானியோடு இறங்குகின்றான் என்று கொள்வோம். முள் 725இல் நிற்கின்றது. ஐம்பது இன்னும் தொலைவில் இருக்கின்றது என்று அவன் எண்ணுகின்றான். முள் 500இல் வருகின்றது, 300இல் வருகின்றது. ஐம்பது இறாத்தல் என்பது மூன்றரைப் பார். சிலிண்டரின் அமுக்கத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி, சூழ்ந்துள்ள நீரின் அமுக்கத்துக்கு மேல் ஏறக்குறைய பத்துப் பார் இருந்தாலே ஒழுங்காக வேலை செய்யும். எனவே அவன் காத்திருக்கும் ஐம்பது வருவதற்கு வெகு முன்னரே மூச்சு இழுக்கக் கடினமாகிவிடும். அப்போது அவன் அஞ்சி விரைந்து மேலே வருவான். அவ்வாறு விரைந்து வருவதும் உடலுக்குப் பெருந்தீங்கு செய்யும். எண்ணை அவன் சரியாகவே நினைவில் வைத்திருந்தான். எண்ணோடு வந்த பெயரையே விட்டுவிட்டான்.

கரையிலும் இவ்வாறே நேரக்கூடும். மூவாயிரம் என்பதை முந்நூறு பார் என்று ஒருவர் மனக்கணக்காக எடுத்துக்கொண்டு சிலிண்டரை நிரப்பினால், 207 பார் தாங்க வேண்டியதில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று ஏறும். வெடிக்கும் உலோகத்தின் அருகில் நிற்பது யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இது கல்லாதாருக்கே உரிய இடர் என்று எவரும் எண்ண வேண்டாம். 1998ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கர் செவ்வாய்க் கிரகத்தின் காலநிலையை ஆராய விண்கலம் ஒன்றை ஏவினர். அதன் உந்துவிசைக் கணக்கை ஒரு சாரார் இறாத்தல் விசையிற் கொடுக்க, மற்றொரு சாரார் அதை நியூற்றன் என்று கொண்டனர். நாம் சற்றுமுன் கண்ட அதே 4.448 மடங்கு வேறுபாடு. 1999ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி அந்தக் கலம் செவ்வாயை மிக அண்மித்துச் சென்று அழிந்தது. அங்கும் கணக்குத் தெரியாதவர் எவருமில்லர். எண்ணின் பக்கத்தில் எழுதப்பட வேண்டிய அலகே ஆராயப்படாமற் போயிற்று.

இலங்கையில் மெற்றிக் முறைக்கு மாறும் வேலை எழுபதுகளில் தொடங்கிற்று. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் பற்றிய சட்டம் அனைத்துலக அலகுகளுக்குச் சட்டவலிமை தந்தது. பாடநூல்களும் பாஸ்கலைக் கற்பிக்கின்றன. ஆயினும் ரயருக்குக் காற்றடிக்கும் இடத்திற் பிள்ளை கேட்பது இறாத்தற் கணக்கையே. மருத்துவர் 120 என்று சொல்லும் இரத்த அமுக்கம் 16 கிலோபாஸ்கல் என்று யாரும் சொல்வதில்லை. இதை ஒரு குறையாக நான் கருதவில்லை. பழைய மானிகள் உழைக்கும்வரை பழைய அலகுகளும் உயிரோடிருக்கும். ஆகவே இளந்தலைமுறைக்கு இரண்டு மொழியும் தெரிந்திருத்தல் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று வரவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

தமிழருக்கு இது புதிய பாடமன்று. அளவுப் பெயரையும் நிறைப் பெயரையும் தொல்காப்பியர் தனியே எடுத்து, அவை எந்த எழுத்துகளில் தொடங்கும் என்பதற்கும் விதி செய்தார். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் நெல்லின் அளவைச் சொல்லுமிடத்து இத்தனை கலம் என்று நிறுத்திவிடாமல், ஆடவல்லான் என்னும் பெயருடைய மரக்காலால் அளந்தது என்று அளந்த மரக்காலையும் சுட்டுகின்றன. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்ட காலத்தில், எந்த மரக்கால் என்று சொல்லாத அளவு ஓர் அளவாகாது என்பதை அக்கல்லைப் பொறித்தவர்கள் அறிந்திருந்தனர்.

எங்கள் கரையிலும் இதைச் செய்தல் எளிது. சிலிண்டரை வாங்குவோர் அதன் தோளில் உள்ள எண்ணைப் படித்து, பார் கணக்கிலும் இறாத்தற் கணக்கிலும் பெரிய எழுத்தில் தமிழில் அதன்மேல் எழுதி வைக்கலாம். மானியின் கண்ணாடியில், மேலே வர வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு இடலாம். பார் மானியாயின் 50இல், இறாத்தல் மானியாயின் 725இல். பம்பி வைத்திருப்போர் அதன் பக்கத்திற் குழாய் தாங்கும் அளவைக் குறிக்கலாம். ஆசிரியர்கள் அலகு இல்லாத விடைக்குப் புள்ளி கொடாதிருக்கலாம். புள்ளி குறைந்த பிள்ளை அன்று முகம் வாடும்; பதினொரு பாக ஆழத்தில் அதே பிள்ளை மானியைப் பார்க்கும்போது, இது எதன் எண் என்று தன்னைத்தானே கேட்கும்.